நாலாம் பாத்தி நாகம்மா

தேயிலை நர்சரியில் செடி தானாக வளர்ந்துவிடும். கங்காணிக்குச் சம்பளம் கொடுப்பதெல்லாம் செடியைச் சுற்றி நிற்கிற ஆட்களைச் சமாளிப்பதற்குத்தான்.

இது தெரியாமல் அந்த வேலைக்குப் போனவன் நான். உங்களில் யாராவது ஆள் மேய்க்கிற வேலை பார்த்திருந்தால் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், நம் பாடு நமக்குத்தான் தெரியும். மலேசியாவில், கேமரன் மலையில் ரிங்லெட் பக்கம் ஒரு தோட்டம். எழுபதுகள் முழுக்க அங்கே மருந்து அடிக்கிற கும்பலில் இருந்தேன். மருந்துத் தொட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு மேடு ஏறி மேடு இறங்கி, முப்பத்தைந்து வயசிலேயே வலது முட்டி போய்விட்டது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில், இனி மேடு ஏறக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மலைத் தோட்டத்தில் மேடு ஏறாமல் செய்கிற வேலை எது சொல்லுங்கள்? ஒன்றே ஒன்றுதான், நர்சரி. எண்பதுகளின் தொடக்கத்தில் பழைய கங்காணி வேலையை விட்டதும் பெரிய துரை அதை எனக்குக் கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை. வருஷக் கடைசி மழைக்குள் கன்றெல்லாம் நடவுக்குப் போய்ச் சேர வேண்டும், சேராவிட்டால் மறுபடியும் மருந்துத் தொட்டி, மறுபடியும் மேடு. இப்படிச் சொல்லித்தான் கொடுத்தார்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. தாய்ச் செடியிலிருந்து ஓர் இலையோடு ஒரு துண்டுத் தண்டை வெட்டி, மண் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் ஊன்றி, பைகளைப் பாத்தி பாத்தியாக நிழலில் அடுக்கி, தண்ணீர் தெளித்துக் காப்பாற்ற வேண்டும். நாலு பாத்தி. பத்துப் பெண்கள். அந்தப் பத்துப் பேருக்கும் தலைவி முனியம்மாக்கா. ஐம்பது வயசு, வாயில் எந்நேரமும் வெற்றிலை, பேச்சுக்கு வாலாக இந்த ஊர் "லா". நான் அரை ஞாண் கட்டிக்கொண்டு தோட்டத்து லைன் வீடுகளில் ஓடிய காலத்திலிருந்து அவருக்கு என்னைத் தெரியும். ஆள் முன்னால் "கங்காணி, நீங்க" என்பார். தனியாக இருந்தால் "தம்பி, நீ" தான்.

பூச்சாடியில் வந்தவள்

எங்கள் சின்னதுரை ஈப்போவிலிருந்து வந்த சீனர். கொழுந்து எடுக்கிற பெண்களிடமே தமிழ் படித்துக்கொண்டார். அதனால் "அடி ஆத்தே", "போடி இவளே" எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. யாரிடம் எதைச் சொல்வது என்பது மட்டும் தெரியாது. பெரிய துரையைப் பார்த்தே ஒருமுறை "அடி ஆத்தே" என்றிருக்கிறார். சின்னதுரை வீட்டம்மா ஈப்போவிலிருந்து லோரி நிறையப் பூச்சாடி கொண்டுவந்தார். இங்கத்திய குளிரில் செடியெல்லாம் சுருண்டுவிட்டது. கொஞ்ச நாள் உங்கள் நிழலில் இருக்கட்டும் என்று எல்லாச் சாடியையும் நர்சரிக்கு அனுப்பிவிட்டார். நாலாம் பாத்தி ஓரமாக வரிசையாய் வைத்தோம். அப்புறம் மறந்தும் போனோம்.

சில மாதம் கழித்து ஒரு காலை, பை அடுக்கிக்கொண்டிருந்த லெட்சுமி வீலென்று கத்தினாள். லெட்சுமிதான் எங்கள் கூட்டத்தில் சின்னவள், கத்துவதில் பெரியவள். பை கிழிந்து மண் சரிந்து கிடந்தது. அதிலிருந்து கறுப்பாய், பளபளவென்று ஒன்று வெளியே வந்தது. மண்புழு என்றுதான் நினைத்தேன். மண்புழு அப்படி ஓடாது. எண்ணெயில் நனைத்த சரடு மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. பிடித்துக் கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு சாண்கூட இல்லை. தலை எது வால் எது என்று புரியவில்லை, இரண்டும் ஒரே மாதிரி மொழுக்கென்று இருந்தது. உற்றுப் பார்த்தால் ஒரு முனையில் ஊசி குத்தின மாதிரி இரண்டு புள்ளி. அதுதான் கண்ணாம். இத்தனூண்டு நாக்கை வேறு நீட்டியது. அட, பாம்புதான்! வால் நுனியில் ஒரு சின்ன முள் இருந்தது. அதை வைத்து என் உள்ளங்கையைக் குத்திக் குத்திப் பார்த்தது, எனக்குக் கூசியதே தவிர வலிக்கவில்லை. கடிக்கலாம் என்றால் வாய் வேண்டுமே. வாய் எங்கேயோ தாடைக்கு அடியில் ஒரு கீறல் மாதிரி இருந்தது. "பாருங்க, ஒண்ணும் செய்யாது" என்று கையை நீட்டினேன். பத்துப் பேரும் பின்னால் நகர்ந்தார்கள். முனியம்மாக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"கடிக்காதுன்னு எங்களுக்குத் தெரியும் கங்காணி. அது காதுக்குள்ள பூந்து மூளையில போயி குடும்பம் நடத்தும், அதைச் சொல்லுங்க மொதல்ல!"

பஞ்சு

மறுநாள் பத்துப் பேரும் இரண்டு காதிலும் பஞ்சு வைத்து, அதற்கு மேல் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். சரி, வைத்துக்கொள்ளட்டும், வேலை நடந்தால் போதும் என்று விட்டுவிட்டேன். விட்டது பெரிய தப்பு. "இங்க தண்ணி தெளி" என்றால் அங்கே தெளித்தார்கள். "மண்ணைச் சலிச்சுப் போடு" என்றால், "ஆமா கங்காணி, நல்ல குளிர்தான்" என்றார்கள். ஒரு வாரத்தில் என் தொண்டை கட்டிப்போய், வீட்டில் பெண்டாட்டியிடம்கூடக் கையைக் காட்டித்தான் பேசினேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று என்பது வேறு விஷயம்.

எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு நாள் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, எனக்கே கேட்காத குரலில், "ரோட்டிக்காரன் வந்திருக்கான் போல" என்றேன். திரும்பிப் பார்த்தால் ஆறு பேர் மண்வெட்டியைக் கீழே போட்டாயிற்று, இரண்டு பேர் கைகூடக் கழுவியாயிற்று. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் குதித்தேன். முனியம்மாக்கா கொஞ்சமும் அசரவில்லை:

"பஞ்சு காதைத்தான் அடைக்கும் கங்காணி. பசியாற கூப்புடுற சத்தம் வயித்து வழியா வருது, அதுக்கு நாங்க என்னா லா செய்றது?"

டிரெசர் எடுத்த பாம்பு

அடுத்த வாரம் லெட்சுமி இடது காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உள்ளே போய்விட்டதாம். நெளிகிறதாம். "இப்ப மண்டைக்கு ஏறுது, இப்ப மூக்குக்கு இறங்குது" என்று லோரி வருகிற வழியைச் சொல்வது மாதிரி சொல்லிக்கொண்டே அழுதாள். மற்ற ஒன்பது பேரும் அவளைச் சுற்றி நின்று, இனி பிழைக்க மாட்டாள் என்கிற முடிவுக்கே வந்து, அவள் வளர்க்கிற கோழிகளை யார் பார்த்துக்கொள்வது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். நானும் நம்பிவிட்டேன், பொய் சொல்வானேன். முட்டி வலியோடு அவளைத் தாங்கிக்கொண்டு தோட்டத்து மருந்தகத்துக்கு ஓடினேன்.

அங்கே மருந்து கட்டுகிற எங்கள் டிரெசர் வயசானவர், அவசரம் என்பதே கிடையாது. கண்ணாடியைத் துடைத்தார். விளக்கைப் பிடித்தார். காதுக்குள் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் காதைப் பார்த்தார். இடுக்கியை விட்டு மெதுவாக இழுத்தார். லெட்சுமி கண்ணை இறுக மூடிக்கொண்டு எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள். வெளியே வந்ததை டிரெசர் ஒரு தட்டில் வைத்து என்னிடம் நீட்டினார்:

"கங்காணி, பாம்பு போகல. பாம்பு போகாம இருக்க வெச்ச பஞ்சுதான் போயிருக்கு."

நான் சொன்ன பொய்

பஞ்சுதான் என்று தட்டிலேயே காட்டியும் என்ன பிரயோசனம்? "இன்னைக்குப் பஞ்சு, நாளைக்கு அதுவா இருந்தா?" என்று கேட்டார்கள். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய், எங்களைக் கொழுந்து எடுக்கவே அனுப்புங்கள் என்று ஒவ்வொருவராக நிற்க ஆரம்பித்தார்கள். பத்துப் பேர் ஆறானார்கள், ஆறு மூன்றானது. ஊன்றிய துண்டுகள் தண்ணீர் இல்லாமல் கறுக்கத் தொடங்கின. எனக்குக் கண்ணை மூடினால் மருந்துத் தொட்டிதான் தெரிந்தது.

அப்போதுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை குளித்து, பட்டையாய்த் திருநீறு பூசி, கொழுந்துக்குப் போனவர்களையும் சேர்த்து எல்லாரையும் பூச்சாடிப் பக்கம் வரச் சொன்னேன். "நேத்து கனவுல ஒரு அம்மா வந்தா. கறுப்புச் சேலை கட்டியிருந்தா. 'சுப்பையா, வீடு தேடி வந்தவளை வான்னு கூப்பிடாம, காதுல பஞ்சை வெச்சிக்கிட்டா நிக்கிறது?'ன்னு கேட்டா" என்றேன். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முனியம்மாக்கா மட்டும் என் முகத்தையே பார்த்து, "சேலைக்குக் கரை என்னா நெறம் கங்காணி?" என்றார். மாட்டிக்கொண்டேன். பச்சை என்பதா சிவப்பு என்பதா? ஏதாவது சொல்லி அப்புறம் மாற்றிச் சொன்னால் வம்பு. "கரையே இல்லக்கா" என்று உளறினேன். அவர் பாம்பு போன பையைப் பார்த்தார். அந்தப் பாம்பும் தலையிலிருந்து வால் வரை ஒரே கறுப்புதானே. சட்டென்று இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்:

"கரை இல்லாத கறுப்பு! அவளேதான் லா! எடுத்துப் போடுங்கடி அந்தப் பஞ்ச!"

நாலாம் பாத்திக்கு வந்த யோகம்

பத்துப் பேரும் திரும்பி வந்தார்கள். மூன்று நாள் என் காட்டில் மழை. நாலாம் நாள் ஆற்றிலிருந்து மூன்று கல் வந்தது. கல்லுக்கு மஞ்சள் வந்தது, குங்குமம் வந்தது, சிவப்புத் துணி வந்தது. நாலாம் பாத்தித் தலைமாட்டில் நாகம்மா குடியேறிவிட்டாள். வெள்ளிக்கிழமை பால், முட்டை, சர்க்கரைப் பொங்கல். வெள்ளிக்கிழமை மண்ணைக் கொத்தக்கூடாது. செருப்போடு உள்ளே வரக்கூடாது. கங்காணி மட்டும் வரலாமா? கூடாது. கேமரன் மலை விடியற்காலைச் சேற்றில் வெறுங்காலோடு நின்று பாருங்கள், என் முட்டி என்ன சொல்லியிருக்கும் என்று தெரியும். இதில் இன்னொரு கூத்து, சாமி வந்ததிலிருந்து பாம்பும் பெருகிவிட்டது. முன்னே எப்போதாவது ஒன்று கண்ணில் படும். இப்போது எந்தப் பையைத் தூக்கினாலும் ஒன்று நழுவியது. ஒவ்வொன்றுக்கும் பத்துப் பேரும் வேலையை நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சின்னதுரை பார்வையிட வந்தார். வாசலிலேயே முனியம்மாக்கா மறித்து, பூட்ஸைக் கழற்றச் சொல்லிவிட்டார். நல்ல மனுஷன், கழற்றிவிட்டார். காலுறையோடு சேற்றில் சளக் சளக்கென்று நடந்து போய், கல்லைப் பார்த்தார், முட்டையைப் பார்த்தார், பாதி அடுக்கியும் அடுக்காமலும் கிடந்த பையைப் பார்த்தார். பிறகு பெயர்ப் பட்டியலைப் புரட்டினார்:

"அடி ஆத்தே! கங்காணி, பெரட்டுல பேரே இல்லாத ஆளுக்கு ஒரு பாத்தி முழுசா குடுத்திருக்கியே, இந்த அம்மா என்னா வேலைக்கு வந்திருக்கு?"

பாம்பு டீச்சர்

சின்னதுரைதான் அந்த டீச்சரை அழைத்து வந்தார். பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கிற மலாய்க்கார அம்மா. மலை மலையாகப் போய்ப் பாம்பு பார்க்கிறவர். படித்தவர் வந்து சொன்னால் இந்தக் கூத்து அடங்கும் என்று எனக்குப் பயங்கர நம்பிக்கை. அவர் மலாயில் சொல்ல, நான் தமிழில் சொல்ல, பத்துப் பேரும் உட்கார்ந்து கேட்டார்கள். டீச்சரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார். அதிலேயே பாதிப் பேருக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அவர் ஒன்றைக் கையில் எடுத்து விரல் இடுக்கில் ஓடவிட்டுக்கொண்டே பேசினார். இது கண் தெரியாத பாம்பு. வெளிச்சம் இருட்டு மட்டும் புரியும். காதுக்குள் போய் இதற்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. தின்பது எறும்பு முட்டையும் கரையான் முட்டையும்தான். பால் குடிக்காது, கோழி முட்டையை முழுங்க வாய் பத்தாது. அப்புறம் எப்படி இவ்வளவு பெருகிற்று? டீச்சர் கல்லைச் சுற்றிக் காட்டினார். பாலுக்கும் பொங்கலுக்கும் எறும்பு வந்து, பைக்குள் புற்று வைத்து முட்டையிட்டிருக்கிறது. எறும்பு முட்டையைத் தின்று இது கொழுத்திருக்கிறது. பத்துப் பேரும் ஒருவரையொருவர் பெருமையோடு பார்த்துக்கொண்டார்கள். படைத்தது வீண் போகவில்லை, சுற்றி வளைத்து அம்மா வாய்க்கே போய்ச் சேர்ந்துவிட்டது!

அதோடு டீச்சர் நிறுத்தியிருக்கலாம். "இதில் ஆண் கிடையாது" என்றார். நான் சரியாகக் கேட்டேனா என்று திருப்பிக் கேட்டேன். சரிதான். இத்தனை காலம் தேடியும் கிடைப்பதெல்லாம் பெண்தானாம். ஆண் துணை இல்லாமலே முட்டை போடும், பொரிக்கிறதும் பெண்தான். ஒரு பூச்சாடி மண்ணில் ஒன்றே ஒன்று இருந்தால் போதும், சாடி போகிற ஊருக்கெல்லாம் போய் அங்கே ஒரு வம்சத்தையே உண்டாக்கிவிடும். இதை மொழிபெயர்க்காமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் லெட்சுமிக்கு என்னைவிட நன்றாக மலாய் தெரியும், அவள் அதற்குள் எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். பிறகு முனியம்மாக்கா எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகி, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஆம்பளையே இல்லாம குடும்பம் நடத்துறாளா? அப்ப இவ சாமிதான் கங்காணி. படிச்சவங்களே சொல்லியாச்சு, இனிமே நீங்க வாயைத் தொறக்கக்கூடாது."

பிஸ்கட் டின்னில் ஒரு விசாரணை

ஆனாலும் முனியம்மாக்கா யார் சொன்னதையும் அப்படியே நம்புகிற ஆள் இல்லை. பெரிய பிஸ்கட் டின் ஒன்றில் மண்ணைச் சலித்துப் போட்டு, மூடியில் ஆணியால் ஓட்டை குத்தி, ஒற்றைப் பாம்பை உள்ளே விட்டார். எவனும் உள்ளே வரக்கூடாது என்று மூடிக்கு மேல் ஒரு கல். லெட்சுமி தினம் காலையில் எறும்புப் புற்றைக் கிளறி முட்டை கொண்டுவந்து போட்டாள். ஒரு நாள் வெங்காயச் சருகைவிட மெல்லிசாய்த் தோல் உரித்துப் போட்டிருந்தது. அதைக் குங்குமச் சிமிழில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "டின்னுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே அது எவனையாவது பார்த்திருந்தா?" என்று கேட்டுவிட்டேன். சாமியைப் பற்றி அப்படிப் பேசினதற்கு அபராதமாக ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வைத்தேன்.

சில வாரம் கழித்து ஒரு நாள் பசியாறுகிற நேரத்தில் டின்னைத் திறந்தார்கள். மண்ணைக் கையால் மெல்ல விலக்கினால், நீள அரிசி மாதிரி வெள்ளையாக மூன்று முட்டை. பத்துப் பேரும் குலவை போட்டதில் பக்கத்து மேட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் கூடையோடு இறங்கி வந்துவிட்டார்கள். முனியம்மாக்காவின் வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறவர். வீடு முழுக்கச் சாம்பலைக் கொட்டி வைக்கிற ஆள். அக்கா அந்த டின்னுக்குள் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்:

"ஆம்பளை இல்லாத வீடு எவ்வளவு சுத்தமா இருக்கு பாத்தீங்களா கங்காணி, ஒரு பீடித் துண்டுகூட இல்ல."

லோரி வரும் திங்கள்

வருஷக் கடைசி வந்துவிட்டது. மத்தியானமானால் மேகம் இறங்கி நர்சரியையே மூடியது. திங்கட்கிழமை முதல் லோரி வரும், மழை இறங்குவதற்குள் எல்லாக் கன்றும் போய்விட வேண்டும் என்று பெரிய துரை ஆள் அனுப்பினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று பாத்தியும் ஒழுங்காய் ஏறிப் போயிற்று. நாலாம் பாத்திதான் பெரிசு, கன்றும் அங்கேதான் செழிப்பு. அதற்கு முன்னால் பத்துப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்கள். பையில் எல்லாம் அம்மா இருக்கிறாள், அவளை வீட்டை விட்டுத் துரத்தச் சொல்கிறீர்களா என்றார்கள். செவ்வாய்க்கிழமை லோரி வெறுமனே திரும்பியது. புதன்கிழமையும் அப்படியே. சின்னதுரை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, "கங்காணி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான். அதுக்கப்புறம் பெரிய துரை வேற ஆளப் போட்டுடுவார்" என்றார். அவருக்கு என் முட்டி விஷயம் தெரியும். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேலை முடிந்து எல்லாரும் போன பிறகு முனியம்மாக்காவை மட்டும் நிறுத்தி, உள்ளதைச் சொல்லிவிட்டேன். "அக்கா, எனக்குக் கனவே வரல. கறுப்புச் சேலையும் வரல, ஒண்ணும் வரல. உங்களை வேலைக்குக் கொண்டுவரப் பொய் சொன்னேன். இப்ப அந்தப் பொய்யால என் வேலை போகுது." கத்துவார், காறித் துப்புவார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார்:

"உனக்குக் கனவு வரலன்னு எனக்குத் தெரியாதா தம்பி? உனக்கு வரலன்னா, அவ இல்லன்னு ஆயிடுமா?"

வெள்ளை ரோசா, சிவப்பு ரோசா

அவளையே கேட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். ஊரில் எல்லாக் காரியத்துக்கும் செய்கிறதுதான்: பூக்கட்டிப் பார்ப்பது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. வெள்ளை வந்தால் அம்மா லோரி ஏறச் சம்மதம், சிவப்பு வந்தால் நாலாம் பாத்தியை யாரும் தொடக்கூடாது. பத்துப் பேரும் ஒத்துக்கொண்டார்கள். எடுக்கிற கை சம்பந்தமில்லாத கையாக இருக்க வேண்டும் என்பதால் சின்னதுரையே எடுக்கட்டும் என்று முடிவாயிற்று. பூவும் அவர் வீட்டு ரோசாதான். பொட்டலம் கட்டுகிற பொறுப்பு எனக்கு.

நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். என் இடத்தில் இருந்தால் நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் குளித்து, இரண்டு வாழையிலைத் துண்டு எடுத்து, இரண்டிலும் வெள்ளை ரோசாவையே வைத்து, நாரால் இறுகக் கட்டினேன். கல்லுக்கு முன்னால் வைத்துவிட்டு, சின்னதுரையை அழைத்துவர பங்களாப் பக்கம் போனேன். போகும்போது விசில்கூட அடித்தேன்.

திரும்பி வந்தால் பத்துப் பேரும் தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலோடு நிற்கிறார்கள். சூடம் காட்டினார்கள். சின்னதுரை பூட்ஸ், காலுறை எல்லாம் கழற்றி, கண்ணை இறுக மூடிக்கொண்டு குனிந்தார். கை முதலில் இடது பக்கப் பொட்டலத்துக்குப் போயிற்று. தொட்டார். என்னமோ தோன்றி, கையை எடுத்தார். மறுபடியும் இடது பக்கமே போனார். "எதை வேணும்னாலும் எடுங்க துரை, அவசரமே இல்ல" என்று நான் தாராளமாகச் சொன்னேன். கடைசியில் வலது பக்கத்தை எடுத்து முனியம்மாக்கா கையில் கொடுத்தார். பிரித்தார்கள். வெள்ளை. எழுந்த குலவையில் எனக்கே மெய் சிலிர்த்தது, பொய்யென்று தெரிந்த எனக்கே! சின்னதுரை "அடி ஆத்தே!" என்று கையைத் தட்டினார். வெள்ளிக்கிழமை மண்ணைத் தொடாதவர்கள் அன்றைக்கு மூன்று லோரி ஏற்றினார்கள். சாயங்காலத்துக்குள் நாலாம் பாத்தி துடைத்து வைத்த மாதிரி காலி. கடைசி லோரியில் முனியம்மாக்கா ஒரு பூச்சாடியை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் போனார். போகிற வழியெல்லாம் அம்மாவுக்குப் புது ஊர் காட்டினாராம்.

அவர் திரும்பி வந்தபோது நான் காலிப் பாத்தியில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். யாரும் இல்லை. முந்தானை முடிச்சிலிருந்து இன்னொரு பொட்டலத்தை எடுத்து என் பக்கம் போட்டார். "பிரி." துரை எடுக்காத பொட்டலத்தை எடுத்து ஒளிக்க வேண்டும் என்று நினைத்தவன், சந்தோஷத்தில் மறந்தேபோனேன். சரி, பிடிபட்டாயிற்று, திட்டு வாங்கிக்கொள்வோம் என்று நாரை அவிழ்த்தேன்.

உள்ளே சிவப்பு ரோசா.

"துரை வீட்டுச் சிவப்பு ரோசாவுக்குத்தான் வாசம் உண்டு, வெள்ளைக்குக் கெடையாது" என்றார் முனியம்மாக்கா. "நீ அந்தப் பக்கம் போனதும் மோந்து பாத்தேன். ரெண்டுலயும் வாசமே இல்ல. அம்மாகிட்ட கேக்குறோம்னு சொல்லிட்டு அவ வாயக் கட்டி வெக்கலாமா தம்பி? நீ வெக்காம விட்ட சிவப்ப ஒண்ணுல வெச்சு நேராக்கிட்டேன்." இரண்டு தடவை அந்த மனுஷன் கை இடது பக்கம் போனது கண் முன்னால் வந்தது. எதை வேண்டுமானாலும் எடுங்கள் என்று நான் வேறு தாராளம் காட்டியிருக்கிறேன்! "அக்கா, அவர் இதை எடுத்திருந்தா?" என்று கேட்டேன். முனியம்மாக்கா அந்தச் சிவப்பு ரோசாவை என் கையிலிருந்து வாங்கித் தன் கொண்டையில் செருகிக்கொண்டார்:

"எடுத்திருந்தா நீ மேட்டுக்குப் போயிருப்ப தம்பி, அழுதுக்கிட்டே நானும் உனக்குச் சோறு கட்டிக் குடுத்திருப்பேன், வேற என்னா லா?"

அப்புறம் பல வருஷம் அந்த நர்சரியில் கங்காணியாக இருந்தேன். மண்ணுக்குள் கிடக்கிற புழுப்பாம்பைச் சாமியாக்க ஒரு பொய் போதும், ஆக்கின பிறகு அவளிடம் பொய் சொல்லத்தான் நம்மை விடமாட்டார்கள் என்பது ஒன்றுதான் நான் அங்கே கற்ற தொழில்.